0-0-1: ஒரு மருந்துச் சீட்டுக்கு உரை

பாயிரம்

பிள்ளை பெற்ற ஆயிரம் பெண்களில் ஒருவருக்கோ இருவருக்கோ, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், ஒரு நோய் வருகிறது. முதலில் தூக்கம் போகும். குழந்தை தூங்கினாலும் தாய் தூங்கமாட்டாள். பிறகு பேச்சு வேகமெடுத்து, தொடர்பு அறும். குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள், சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்ற ஐயம் உறுதியாகும். இல்லாத குரல் கேட்கும். காற்று கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டுவதிலேயே சில வீடுகளில் நாட்கள் போய்விடும். இது பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய நோய். போனால் நன்றாகக் கட்டுப்படுகிற நோயும்கூட.

கட்டுப்பட்ட பிறகு இரண்டாம் குறை தொடங்குகிறது. "குரல் நின்னுடுச்சு டாக்டர். ஆனா எந்நேரமும் தூக்கமா வருது. மண்டை மந்தமா இருக்கு. பால் கொடுத்தேனா இல்லையான்னே ஞாபகம் இல்ல." இந்தக் குறைக்கான பதில், வீடு திரும்பும்போது கையில் கொடுக்கப்படும் சீட்டிலேயே பாதி இருக்கிறது. ஆனால் அது சுருக்கெழுத்தாக இருப்பதால் உரை வேண்டியிருக்கிறது.

கீழே உள்ளது எவருடைய சீட்டும் அன்று. மனநலப் பிரிவுகளில் இத்தகைய தாய்மாருக்கு வழக்கமாகச் சொல்லப்படுவதைத் திரட்டி, உரை சொல்வதற்காக அமைத்த மாதிரி. மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். சீட்டு எப்போதும் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். அதை நிறைவேற்றும் வேலையில் பாதிக்கு மேல் வீட்டாருடையது. உரையின் மையக் கருத்து இதுவே.

மூலம்

1. ஓலான்சபின் 10 மி.கி. 0-0-1, இரவு உணவுக்குப் பின்.
2. இரவில் தடையில்லாத தூக்கம் அவசியம்.
3. தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தையைக் கவனிக்கவும்.
4. குழந்தைக்குத் தனிப் படுக்கை.
5. வண்டி ஓட்டக் கூடாது.
6. ஹீமோகுளோபின், டி.எஸ்.எச்., சர்க்கரை, எடை பார்க்கவும்.
7. மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது.
8. இரண்டு வாரம் கழித்து, உடன் ஒருவருடன் வரவும்.

1. ஓலான்சபின் 10 மி.கி. 0-0-1, இரவு உணவுக்குப் பின்

பதவுரை: முதல் சுழி காலை, இரண்டாம் சுழி மதியம், ஒன்று இரவு. பகலில் மாத்திரை இல்லை, இரவில் ஒன்று.

விளக்கம்: மனப்பிறழ்வுக்கான மருந்து ஏன் தூக்கத்தைத் தருகிறது? இந்த மருந்துக் குடும்பத்தின் மூத்தது குளோர்ப்ரோமசின். 1952இல் பாரிஸில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட அது, ஹிஸ்டமினைத் தடுக்கும் ஒவ்வாமை மருந்துகளைத் தேடிய ஆராய்ச்சியின் வழியில் பிறந்தது. மூளையை விழிப்பில் வைத்திருப்பவற்றுள் ஹிஸ்டமினும் ஒன்று. சளிக்கு மாத்திரை போட்டால் கண் சொக்குவது அது தடுக்கப்படுவதால்தான். ஓலான்சபின், க்வெட்டியாபின் இரண்டும் ஹிஸ்டமினை வலுவாகத் தடுப்பவை. குரலையும் ஐயத்தையும் அடக்குவது டோபமின் மீதான வேலை. தூக்கம் அதனோடு ஒட்டிவந்த வேறொரு வேலை. ஆகவே தூக்கம் வருவதை நோய் முற்றுகிறது என்றோ, மூளை கெடுகிறது என்றோ கொள்ளவேண்டாம்.

மந்தம் வேறு வழிகளிலும் வரும். நினைவுக்குத் துணைசெய்யும் அசிட்டைல்கோலினை இம்மருந்து ஓரளவு தடுக்கிறது. வாய் உலர்வதும் மலச்சிக்கலும் அதே தடுப்பின் விளைவுகள். கை நடுக்கம், உடல் இறுக்கம் வராமலிருக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடைல் என்ற சிறு மாத்திரையையும் சேர்த்து எழுதுவதுண்டு. அதுவும் அசிட்டைல்கோலினையே தடுப்பதால் மறதி கூடலாம். க்ளோனசிபாம் போன்ற தூக்க மாத்திரை மூன்றாவதாக இருந்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். இந்தத் துணை மாத்திரைகள் இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது, முதன்மை மருந்தைத் தொடாமலே மந்தத்தைக் குறைக்க வழிசெய்யும்.

இனி "இரவு" என்பது எத்தனை மணி? இதில்தான் பல வீடுகள் தவறுகின்றன. ஓலான்சபின் விழுங்கிய ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். எட்டு மணிக்குப் போட்டால் உச்சம் நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி. வீட்டு வேலையெல்லாம் முடித்துப் பதினொன்றரைக்குப் போட்டால் உச்சம் விடியற்காலை ஐந்தரை. குழந்தை பசித்து அழும் நேரத்தில் தாய் எழ முடியாமல் கிடப்பாள். உணவு இம்மருந்து உறிஞ்சப்படுவதை மாற்றுவதில்லை. "உணவுக்குப் பின்" என்றது பெரும்பாலும் மறவாமல் போடுவதற்காகவே. எனவே சாப்பாட்டை முன்னே தள்ளி, மாத்திரையையும் முன்னே தள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்க. காசில்லாத மாற்றம் இது. காலை தெளிவதில் நல்ல வேறுபாடு தெரியக்கூடும்.

மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய முப்பது மணி நேரம் ஆகும். நேற்றையது முழுக்கக் கழியுமுன் இன்றையது சேர்கிறது. ஒரு வாரம் போல ஏறி, பிறகு ஒரு நிலையில் நிற்கும். முதல் வாரங்களில் அசதி மிகுதியாக இருப்பதற்கு இது ஒரு காரணம். பலருக்கு உடல் பழகப் பழகத் தூக்கம் தானே குறைகிறது. மந்தமும் மறதியும் தெளிய அதைவிடக் கூடுதல் நாள் பிடிக்கலாம்.

2. இரவில் தடையில்லாத தூக்கம் அவசியம்

கருத்து: இந்த வரி அறிவுரையன்று, மருந்தின் இரண்டாம் பாதி.

விளக்கம்: தூக்கம் கெடுவது இந்நோயின் அறிகுறி; அதைத் திரும்ப அழைத்துவரும் காரணமும் அதுவே. குறிப்பாக இருமுனைக் கோளாறு உள்ள பெண்களுக்கு இது பொருந்தும். பிரசவத்துக்குப் பின் மனப்பிறழ்வு வந்தவர்களில் பலருக்கு அக்கோளாறோடு தொடர்பு உண்டு. ஆகவே ஐந்தாறு மணி நேரமாவது ஒரே மூச்சில் தூங்க வேண்டும். பச்சைக்குழந்தையோ இரண்டு மூன்று மணிக்கொரு முறை எழும். இந்த வரி தாயிடம் எதையும் கேட்கவில்லை. இரவில் யார் எழுவது என்று வீட்டைக் கேட்கிறது.

தாய்வீட்டில் இருந்தால் பாட்டி எழுவார். தனிக்குடித்தனத்தில் கணவர் எழ வேண்டும். தூங்குமுன் ஒரு முறை பால் கொடுத்து, பகலில் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்த பாலையோ மருத்துவர் சொன்ன பால்பொடியையோ பாலாடையில் இரவில் எழுபவர் புகட்டலாம். பீய்ச்சிய பாலை நம் ஊர் வெயிலில் வெளியே வைத்திருப்பது சரிப்படாது. மார்பு கட்டிக்கொண்டால் அதிகாலையில் முதல் வேலையாகக் குழந்தைக்குக் கொடுக்கலாம், அல்லது பீய்ச்சிவிடலாம்.

"நாங்களும்தான் பிள்ளை பெத்தோம், இப்படியா தூங்கினோம்?" என்ற கேள்வி பல வீடுகளில் எழும். அவர்கள் இந்த மருந்தோடு பெறவில்லை. சர்க்கரைக்கு ஊசி போடுகிற பெண்ணிடம் "எனக்கு ஊசி இல்லாமலே ஆச்சே" என்று யாரும் சொல்வதில்லை.

இரவுத் தூக்கத்தைக் காப்பதற்குப் பகலும் துணைசெய்ய வேண்டும். காலை வெயிலில் சிறிது நேரம் நடப்பது உடலின் கடிகாரத்தைச் சரிசெய்யும். காலை ஒரு டம்ளர் காபியில் தவறில்லை. மாலைக் காபி இரவைக் கெடுக்கும். பாலிலும் சிறிது கலக்கும். மதியத் தூக்கம் அரை மணியோடு நின்றால் உதவும். மூன்று மணி நேரமானால் இரவைத் தின்னும்.

3. தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தையைக் கவனிக்கவும்

விளக்கம்: "கொடுக்கலாம்" என்பது பொதுவான அனுமதி அன்று, இந்த மருந்துக்கான அனுமதி. உடல் எடைக்கு எடை ஒப்பிட்டால், தாய் விழுங்கும் ஓலான்சபினில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் பாலின் வழியே குழந்தைக்குப் போகிறது. க்வெட்டியாபினில் அதைவிடவும் குறைவு. க்ளோசபின் போடுபவர்கள் தாய்ப்பால் கொடுப்பதை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வார்கள். லித்தியத்துக்கு மிகுந்த எச்சரிக்கையும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொன்னது இவருக்குப் பொருந்தாது என்பதற்காக இதைச் சொன்னோம்.

"கவனிக்கவும்" என்றது எதை? வழக்கத்தைவிட எழுப்பக் கடினமாக இருத்தல், சப்புவது தளர்தல், பாதிப் பாலிலேயே துவண்டுவிடுதல், எடை ஏறாமை, சிறுநீர் குறைதல். முதல் வாரம் கழிந்த குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது துணியை நனைக்க வேண்டும். குறைமாதக் குழந்தையாயின் கவனம் இரட்டிப்பு. இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டி, தாய் போடும் மருந்தின் பெயரையும் சொல்ல வேண்டும்.

கவனிக்க வேண்டியவர் யார்? மருந்தின் மந்தத்தில் இருப்பவரிடமே முழுக்க விடுவது நியாயமில்லை. பால் கொடுத்த நேரத்தையும் துணி மாற்றியதையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால், "கொடுத்தேனா இல்லையா" என்ற தவிப்பு தாய்க்கு மிச்சமாகும். யார் கொடுத்தாலும், யார் மாற்றினாலும், அதே நோட்டில் எழுத வேண்டும். அவரைச் சோதிக்கும் நோட்டாக அது மாறிவிடக் கூடாது.

4. குழந்தைக்குத் தனிப் படுக்கை

கருத்து: சீட்டின் வரிகளிலேயே சிறிது, உயிர் காப்பதில் பெரிது.

விளக்கம்: குழந்தையை அணைத்துப் படுப்பது நம் வழக்கம். மருந்தில்லாத தாய் தூக்கத்திலும் குழந்தையின் அசைவை உணர்ந்து விழிப்பாள்; தூக்கம் தரும் மருந்து அந்த உணர்வை மழுங்கடிக்கிறது. கை மேலே விழுந்தாலும், போர்வை முகத்தை மூடினாலும் தெரியாது. எனவே அதே அறையில், எட்டும் தூரத்தில், கெட்டியான தட்டையான தனிப் படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். அறையை விட்டு அகற்றச் சொல்லவில்லை. படுக்கையை மட்டும் பிரிக்கச் சொல்கிறது.

படுத்தபடியே பால் கொடுப்பதும், சோபாவில் சாய்ந்து கொடுப்பதும் இக்காலத்தில் ஆபத்து. உட்கார்ந்து கொடுக்கட்டும். கண் சொக்கினால் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவர் அருகில் இருக்கட்டும்.

5. வண்டி ஓட்டக் கூடாது

விளக்கம்: ஸ்கூட்டி ஓட்டாதவர்கள் இந்த வரி தங்களுக்கில்லை என்று கடந்துவிடுவார்கள். வண்டி இங்கே ஓர் எடுத்துக்காட்டுதான். கவனம் ஒரு நொடி தவறினால் ஆபத்தாகும் வேலை எல்லாம் இதில் அடங்கும். அடுப்பில் எண்ணெய், கொதிக்கும் வெந்நீர், கிணற்றடி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது, காலை நீட்டி அதன்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது. தாய் தெளிவாக இருக்கும் நேரம் எது என்று பார்த்து, அந்த நேரத்துக்கு இவற்றை மாற்றலாம்; அல்லது பெரியவர்கள் குளிப்பாட்ட, அவர் துவட்டிப் பொட்டு வைக்கலாம். வேலையைப் பறிப்பது வேறு, பங்கிடுவது வேறு.

இம்மருந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதால், படுத்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். விளிம்பில் உட்கார்ந்து, சிறிது பொறுத்து, பிறகு நிற்க வேண்டும். நம் பிரசவகால வழக்கங்கள் இரண்டு இதோடு மோதுகின்றன. ஒன்று, உடம்பு தாங்கும் மட்டும் சூடாக வெந்நீர் ஊற்றுவது. சூடும் ரத்தக்குழாயை விரிக்கும். குளியலறையிலேயே மயங்கி விழ இடமுண்டு. வெதுவெதுப்பு போதும், உட்கார்ந்து குளிக்கட்டும், தாழ்ப்பாள் வேண்டாம். இரண்டு, பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைப்பது. பால் கொடுப்பவர், வாய் உலர்த்தும் மருந்து போடுபவர், மலச்சிக்கல் உள்ளவர். மூன்று காரணத்தாலும் அவருக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். பத்தியச் சோற்றில் பூண்டு இருக்கட்டும், அதோடு கீரையும் காயும் இருக்கட்டும்.

6. ஹீமோகுளோபின், டி.எஸ்.எச்., சர்க்கரை, எடை பார்க்கவும்

கருத்து: எல்லா மந்தமும் மாத்திரையால் வருவதன்று.

விளக்கம்: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதன்மேல் பிரசவத்தின் ரத்தப்போக்கு. ரத்தசோகையின் அசதியை மாத்திரையின் அசதியிலிருந்து பார்வையால் பிரிக்க முடியாது, பரிசோதனையால் முடியும். டி.எஸ்.எச். என்பது தைராய்டுக்கு. பிரசவத்துக்குப் பின் முதல் ஆண்டில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி அழற்சி வருவதுண்டு. அது குறைவாகச் சுரக்கும் கட்டத்தில் சோர்வு, மறதி, மந்தம் எல்லாம் வரும். சர்க்கரையும் எடையும் ஓலான்சபினுக்காகப் பார்க்கப்படுபவை; பசியைத் தூண்டி எடையை ஏற்றுவது அதன் பெரிய குறை. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் மேலும் கவனிக்க வேண்டும்.

மனப்பிறழ்வு தணிந்தபின் மனச்சோர்வு வருவதும் உண்டு. எதிலும் நாட்டமில்லை, அழுகை, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு இவையெல்லாம் தூக்கக்கலக்கம் அல்ல. மாத்திரையைக் குறைத்தால் அது தீராது. அதற்கான சிகிச்சை வேறு.

ஒரு விலக்கு: தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் செயலிழத்தல் இவற்றோடு தூக்கம் வந்தால், அது மூளைச் சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம், பிரசவத்தை அடுத்த வாரங்களில் வரக்கூடியது அது. கடுங்காய்ச்சலோடு உடல் விறைத்து, வியர்த்து, நினைவு தடுமாறினால் மருந்தின் அரிய, ஆபத்தான விளைவாக இருக்கலாம். இரண்டிலும் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

7. மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது

விளக்கம்: நிறுத்துபவர்கள் பெரும்பாலும் அலட்சியத்தால் நிறுத்துவதில்லை. குழந்தை அழுவது காதில் விழவில்லையே என்ற குற்றவுணர்வில் நிறுத்துகிறார்கள். "எம் பிள்ளை மேல எனக்குப் பாசமே வரலையே" என்ற அச்சத்தில் நிறுத்துகிறார்கள். நோயும் மருந்தும் சேர்ந்து முகத்தையும் உணர்ச்சியையும் சில காலம் தட்டையாக்குவதுண்டு. பாசம் போய்விடவில்லை, வெளிப்படத் தாமதிக்கிறது. தெளிவான நேரத்தில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்வது, பெயர் சொல்லிப் பேசுவது, பாடுவது ஆகியவற்றைச் சிறிது நேரமாவது தொடர்ந்தால் உறவு வளரும். அதைச் சொல்லித் தேற்ற வேண்டியவர்களே "தாயா இவ" என்று கேட்டால் அடுத்த நாள் மாத்திரை குப்பையில் இருக்கும்.

சட்டென்று நிறுத்தினால் முதலில் தூக்கம் போகும். பின்னாலேயே நோய் திரும்பக்கூடும். முதல் முறை வந்தவர்களுக்கு மருந்து பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுவரை தொடரும். பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

நிறுத்தக் கூடாது என்றதனால், கேட்காமல் சேர்க்கவும் கூடாது என்பது பெறப்படும். மருந்துக்கடையில் வாங்கும் சளி மாத்திரை, இருமல் சிரப் பலவற்றில் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, தூக்கத்தின்மேல் தூக்கம். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் ஓலான்சபினை உடலில் கூடுதலாகத் தேங்கவைக்கலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தச் சீட்டைக் காட்ட வேண்டும்.

8. இரண்டு வாரம் கழித்து, உடன் ஒருவருடன் வரவும்

விளக்கம்: "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன் டாக்டர்." இத்தோடு சந்திப்பு முடிந்தால் சீட்டு மாறாது, அதே அளவு மறுபடி எழுதப்படும். சொல்ல வேண்டியவை வேறு. மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு உறக்கம், காலையில் எப்போது எழ முடிந்தது, எப்போது தலை தெளிந்தது, பால் கொடுக்கையில் கண் சொக்கியதா, தலை சுற்றியதா. நோட்டைக் காட்டினால் இன்னும் நல்லது.

உடன் வருபவரைப் பற்றி ஒன்று. கத்திய பெண் இப்போது மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். வீட்டாருக்கு நிம்மதி. "இப்ப சாந்தமா இருக்கா டாக்டர், இதையே தொடரலாம்" என்பார்கள். அந்தச் சாந்தம் குணமா, அளவு மிகுந்த மருந்தா என்று பிரித்தறிய அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே கேட்க வேண்டும். உடன் வருபவர் இரவில் பார்த்ததைச் சொல்லலாம். அந்தப் பெண் உள்ளே உணர்வதை அவருக்காகச் சொல்லக் கூடாது.

மருத்துவர் கையில் வழிகள் உண்டு. அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், துணை மாத்திரையை எடுக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். அரிபிப்ரசோலில் தூக்கம் பொதுவாகக் குறைவு, ஆனால் நிலைகொள்ளாத தவிப்பு வரலாம். பால் சுரப்பும் குறையலாம். க்வெட்டியாபின் சீக்கிரம் உடலை விட்டுக் கழியும், ஆயினும் தூக்கம் தரும். ஒவ்வொன்றிலும் பெறுவதும் உண்டு, இழப்பதும் உண்டு. நோய் எவ்வளவு தணிந்திருக்கிறது என்பதே எதற்கு எப்போது துணியலாம் என்பதை முடிவுசெய்யும். இரு சந்திப்புகளுக்கு இடையில் ஐயம் வந்தால் டெலி மானஸ் 14416 என்ற அரசு எண்ணில் எந்நேரமும் பேசலாம். தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் இயங்குகிறது.

குணமான பின்பும் இந்தச் சீட்டைக் கிழித்துப் போடக் கூடாது. அடுத்த பிரசவத்தில் இந்நோய் திரும்பும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட இவருக்குப் பல மடங்கு. மறைத்தால் அந்தப் பிரசவத்திலும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். முன்னமே சொன்னால், கருத்தரிக்கும் முன்பே மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் கலந்து, எந்த மருந்து, எத்தனை மணிக்கு, இரவில் குழந்தைக்கு யார் பொறுப்பு என்பதுவரை எழுதிவைக்கலாம். அந்தச் சீட்டில் மருந்தின் பெயருக்கு அடுத்து, இரவில் எழப்போகிறவரின் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குக.